நான் கண்டுபிடித்த வைத்தியர்

அமைச்சருக்கு மேடைப் பேச்சு எழுதிக் கொடுப்பதுதான் என் வேலையாக இருந்தது. அவர் வெறும் எம்.எல்.ஏ.வாக இருந்த காலத்திலேயே அது தொடங்கிவிட்டது. அதற்கு முன்பு நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ் எல்லாம் என் கையைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும். ஒரு நோட்டீசில் அவர் பெயருக்கு முன்னால் நானாகச் சேர்த்த நான்கு அடைமொழிகள் அவருக்குப் பிடித்துப்போய், ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். அங்கேயே இருந்துவிட்டேன்.

அன்றைக்கு ஓர் அரசுப் பெண்கள் பள்ளியில் அறிவியல் கண்காட்சித் திறப்பு. நெல்லித்தோப்பு சிக்னலில் கார் நின்றபோது நான் எழுதி வைத்திருந்த தாளை அமைச்சர் வாங்கிப் படித்தார். முகத்தைச் சுளித்தார்.

"இன்னாய்யா இது, சப்புன்னு இருக்கு. நம்மாளு கண்டுபுடிச்சான், வெள்ளைக்காரன் தூக்கினு போயிட்டான், அந்த மாதிரி ஒண்ணு போடு. அதுக்குத்தான் கை தட்டுவாங்க."

"எதைண்ணே கண்டுபுடிச்சான்?"

"அத நான் சொன்னா அப்புறம் நீ எதுக்கு?"

முந்தின வாரம் அப்பாவுக்கு இருமல் நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பெண், அப்பாவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வைத்து எடுத்தது ஞாபகத்துக்கு வந்தது. தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். இதே புதுச்சேரி மண்ணில் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு சித்த வைத்தியர் வாழ்ந்தார். பப்பாளித் தண்டை நோயாளியின் நெஞ்சில் வைத்து இதயம் துடிப்பதைக் கேட்டார். அதைப் பக்கத்தில் நின்று பார்த்த பிரெஞ்சுக்காரன் ஒருவன் கப்பலேறிப் போய்த் தன் கண்டுபிடிப்பு என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டான். பச்சை விளக்கு விழுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

அமைச்சர் படித்துப் பார்த்தார். உண்மையா என்று கேட்கவில்லை. "ஓலைச்சுவடி இருக்கா?" என்றார்.

"இருக்கும்ணே."

"இருக்குன்னே போடு."

போட்டேன். அந்தப் பள்ளியில்தான் என் அக்கா அறிவியல் ஆசிரியை. அது அமைச்சருக்குத் தெரியாது. என் வீட்டைப் பற்றி அவரிடம் நான் அதிகம் பேசியதில்லை. அப்பா சின்ன வயதிலிருந்து வெள்ளைக்காரர் வீதிகளில் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துக்குச் சமையல்காரராக இருந்தவர். அமைச்சர் ஒரு தடவை கேட்டபோது, ரிட்டயர்டு ஸ்டோர் கீப்பர் என்று சொல்லி வைத்திருந்தேன்.

பள்ளியின் கூரை போட்ட அரங்கில் பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பப்பாளித் தண்டு வந்த இடத்தில் அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "பப்பாளித் தண்டுங்க" என்று இரண்டு தடவை சொன்னார். கப்பல் வந்த இடத்தில் மேஜையைக் குத்தினார். கைதட்டல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது. மேடை ஓரத்தில் நின்றிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஊரிலேயே யாருக்கும் தெரியாத ஒரு மனிதரை நான் பெற்றெடுத்திருந்தேன்.

அதோடு இறங்கியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவருக்குக் கைதட்டல் போதவில்லை. முன்வரிசையில் ஒரு பெண்ணைக் கை காட்டி, "நீ சொல்லும்மா, ஸ்டெதாஸ்கோப்பக் கண்டுபுடிச்சது யாரு?" என்று கேட்டார்.

அந்தப் பெண் எழுந்தாள். "பிரெஞ்சு டாக்டர் சார்" என்றாள்.

"இப்பதானம்மா சொன்னேன்."

"எங்க மிஸ் சொல்லிக் குடுத்தாங்க சார்."

"எந்த மிஸ்?"

சுவர் ஓரம் நாற்காலியில் இருந்த அக்கா எழுந்து நின்றாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு மேடை பழக்கமில்லை, ஆனால் வகுப்பறைக் குரல் உண்டு.

"நான்தான் சார். பாரிஸ்ல இருந்த ஒரு டாக்டர். பொம்பள நோயாளி நெஞ்சுல காத வச்சுக் கேக்கக் கூச்சப்பட்டு, காகிதத்தக் குழாயா சுருட்டி வச்சுக் கேட்டாரு. அப்புறம் மரத்துல செஞ்சாரு. நம்ம வைத்தியருங்க நாடி பாத்தாங்க, அது பெரிய விஷயம் சார். ஆனா இது அவரு செஞ்சது."

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. தலைமை ஆசிரியை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அமைச்சர் மைக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"யாருய்யா இந்தப் பொம்பள?"

என் அக்கா என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடி எவ்வளவு நீளமாக இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அக்கா என்று சொன்னால் அப்பா யார் என்று வரும், ஸ்டோர் கீப்பர் பொய் வரும், பேச்சு எழுதினவன் வீட்டிலேயே எதிர்ப்பா என்று வரும்.

"சயின்ஸ் டீச்சர்ணே. அவங்க அப்பா வெள்ளைக்காரன் வீட்டுல சமையக்காரனா இருந்தவராம்."

இருந்தவராம் என்றேன். அந்த 'ஆம்' என் வாயில் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அமைச்சர் கையை எடுத்தார். முகத்தில் நல்ல சிரிப்பு. "டீச்சரக் குத்தம் சொல்லக் கூடாது" என்று மைக்கில் ஆரம்பித்தார். "அவங்க அப்பா வெள்ளைக்காரன் வீட்டுல ப்ளேட்டு கழுவுனவராம். அந்த எச்சில் சோத்து விசுவாசம் இருக்கும்ல? ரத்தத்துல வர்றது, பாவம், அவங்க இன்னா பண்ணுவாங்க?"

முதலில் கட்சிக்காரர்கள் சிரித்தார்கள். பிறகு மாணவிகள், எதற்கென்று தெரியாமலே. நானும் சிரித்தேன். அக்கா மேடையில் இருந்த அமைச்சரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். வெள்ளைக்காரச்சியைக் கூப்பிடுகிற மாதிரி அமைச்சர் "உட்காருங்க மதாம்" என்றதும் மறுபடி ஒரு சிரிப்பு. அவள் உட்காரவில்லை. விழா முடிகிற வரை நின்றுகொண்டே இருந்தாள்.

மூலக்குளத்தில் எங்கள் வீடு இரண்டு தளம். கீழே நானும் என் மனைவியும். மாடியில் அப்பாவும் அக்காவும். அக்காவின் கணவர் இறந்த பிறகு அவள் அங்கே வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் நான் போவதற்குள் அமைச்சர் பேச்சின் வீடியோ வீட்டுக்கு வந்துவிட்டிருந்தது. அப்பா தன் போனில் அதை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"ப்ளேட்டு கழுவல" என்றார். "சமைச்சேன். கழுவறதுக்கு வேற ஆளு இருந்தான்."

நான் செருப்பைக் கழற்றினேன்.

"மீன் சூப்பு வச்சா மதாம் அடுப்படிக்கே வந்து கை குடுப்பாங்க. ஊர்லேர்ந்து வர்ற விருந்தாளிக்கெல்லாம் இவருதான் செஞ்சாருன்னு என்னக் கூப்டுக் காட்டுவாங்க. நான் செஞ்சத நான் செஞ்சேன்னு சொன்னாங்க. அவன் யாரு, என்ன ப்ளேட்டு கழுவ வைக்கறதுக்கு?"

பிறகு, "நான் சமையக்காரன்னு அவனுக்கு யாருடா சொன்னது?" என்று கேட்டார்.

"தெரியலப்பா. விசாரிச்சிருப்பாங்க" என்றேன். அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் அக்காவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. ஏனாமுக்கு. புதுச்சேரி அரசில் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியும். புதுச்சேரியைச் சேர்ந்ததுதான், ஆனால் ஆந்திராவுக்குள், கோதாவரிக் கரையில், ரயிலில் ஒரு பகலும் ஓர் இரவும் போக வேண்டிய ஊர். காலடியில் காரைக்கால் இருக்க, யாரையாவது ஒடிக்க வேண்டும் என்றால்தான் ஏனாம். அக்காவுக்குத் தெலுங்கில் ஒரு வார்த்தை தெரியாது. அப்பாவுக்கு இருமல் வேறு.

இதற்குள் என் வைத்தியர் வளர்ந்துவிட்டிருந்தார். யூடியூபில் அவரைப் பற்றி மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் அவர் பிறந்த தெருவையே சொன்னார். பப்பாளித் தண்டு மூங்கிலாகி, மூங்கில் பித்தளையாகியிருந்தது. அமைச்சர் மணிமண்டபம் என்று பேச ஆரம்பித்தார். வாரிசு யாராவது இருந்தால் கௌரவிக்கலாம் என்று ஒரு பேட்டியில் சொன்னார்.

வாரிசு வந்தார். பெரிய மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவர், ஐம்பது வயதிருக்கும். ஒரு காலை நேரம் அலுவலகத்துக்கு வந்து, லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு என் மேஜைக்கு முன்னால் நின்றார். துண்டில் சுற்றியிருந்த எதையோ பிரித்து வைத்தார். பித்தளை ஊதுகுழல். அடுப்பு ஊதுகிறது.

"எங்க கொள்ளுத் தாத்தாது சார். அவரு வைத்தியரு. எங்க வீட்டுலேர்ந்து வெள்ளைக்காரன் ஏதோ எடுத்துனு போனான்னு எங்கப்பா சாவற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு. இன்னான்னு தெரியாமலே போயிட்டாரு. வீடியோவுல பாத்ததும் எனக்கு அழுகையே வந்துடிச்சி சார்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது. ஏதோ ஒரு வீட்டிலிருந்து யாரோ எதையோ எடுத்துப் போயிருக்கலாம். அந்த வெற்றிடத்தில் என் பப்பாளித் தண்டு கச்சிதமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. அவருடைய விவரங்களை எழுதி வாங்கிக்கொண்டேன். விழாத் தேதியைச் சொல்லி அனுப்பினேன். போகும்போது அவர் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மாலையில் கட்சிக்காரர்கள் அந்த விவரத்தைப் பார்த்தார்கள். அவர் என்ன சாதி என்று ஒருவர் கேட்டார். தெரிந்ததும் அறையில் ஒரு சங்கடம் பரவியது. அமைச்சர் பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார்: "அது சரிப்படாது. நம்ம பக்கம் வைத்தியர் குடும்பம் இருக்கும்ல, பாரு." இரண்டு நாளில் வேறொரு வாரிசு கிடைத்தார். ரியல் எஸ்டேட் செய்கிறவர். சொந்தக் காரில் வந்தார்.

அக்கா விஷயத்தை அதன் பிறகுதான் அமைச்சரிடம் எடுத்தேன். அவர் மட்டும் இருக்கிற நேரமாகப் பார்த்து, "அண்ணே, அந்த டீச்சர் என் கூடப் பொறந்த அக்கா" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப ப்ளேட்டு கழுவுனது உங்கப்பனாய்யா? நீயே எனக்கு எடுத்துக் குடுத்த?"

"சமையல்ணே" என்றேன்.

"பரவால்ல, பரவால்ல. நல்ல வேலக்காரன்யா நீ." என் தோளைத் தட்டினார். "ஒண்ணும் வேணாம். ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கச் சொல்லு. சுவடியப் படிச்சேன், தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு. டிரான்ஸ்பர ரத்து பண்ணிடலாம்."

கடிதத்தை நானே எழுதினேன். என் வாழ்க்கையில் எழுதியதிலேயே ஒழுங்கான தமிழ் அதுதான். மாடிக்குக் கொண்டுபோனேன். அக்கா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவைக் கையில் வைத்தபடியே படித்தாள்.

"இத யாருடா எழுதனது?"

"நான்தான்."

"எந்தச் சுவடிய நான் படிச்சேன்?"

அவள் தாளை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அறிவியல் படித்தவள். இரண்டு விஷயத்தை வைத்து மூன்றாவதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவள்.

"அந்த வைத்தியரு?"

"ம்."

"நீ எழுதனதுதானா?"

"ஆமாக்கா. கார்ல. அவசரத்துல."

"அப்பாவப் பத்தி?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அன்னிக்கு உன் மூஞ்சியப் பாத்ததுமே எனக்குத் தோணிச்சி" என்றாள். "இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கினேன்."

அப்பா உள்ளே இருமினார். அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு கடிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். சிவப்பு மையிலேயே போட்டாள். "அவர இந்த வயசுல என்னால அலைய வைக்க முடியாது" என்று சொல்லித் தாளை நீட்டினாள். "இத அப்பாகிட்ட சொல்லாத."

பாராட்டு விழா நூறடிச் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. ரியல் எஸ்டேட் வாரிசுக்குப் பொன்னாடையும் வெள்ளி முலாம் பூசிய ஒரு குழாயும் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அமைச்சர் பாக்கெட்டிலிருந்து அக்காவின் கடிதத்தை எடுத்தார். படிப்பார் என்று என்னிடம் சொல்லவில்லை. முழுக்கப் படித்தார். 'என் அறியாமையால்' என்று நான் எழுதியிருந்த இடத்தில் நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து, மறுபடி படித்தார். பலத்த கைதட்டல். கடிதத்தைப் புகைப்படக்காரர்களுக்குத் தூக்கிக் காட்டினார். அதுவும் வீடியோவாக வந்தது. அப்பா அதையும் பார்த்தார். இந்தத் தடவை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

காரில் ஏறும்போது, "அண்ணே, அந்த ரத்து உத்தரவு..." என்றேன்.

"இப்ப ரத்து பண்ணா நாம பயந்துட்டோம்னு ஆயிடும்யா. ஒரு வருஷம் போகட்டும்." கதவைச் சாத்திக்கொண்டார்.

மார்க்கெட்காரர் அந்த விழாவுக்கும் வந்திருக்கிறார். மண்டப வாசலில் உள்ளே விடவில்லை. மறுநாள் அலுவலகத்துக்கு ஊதுகுழலோடு வந்தார். அவரைச் சமாளித்து அனுப்பும்படி என்னிடம் சொன்னார்கள். வெளியே டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். ஏனோ அன்றைக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. சொன்னால் அவருக்கு ஆறும் என்று நினைத்தேன். எனக்கு ஆறும் என்று நினைத்தேன் என்பதுதான் சரி.

"அப்படி ஒரு வைத்தியரே கிடையாதுங்க. நானா எழுதினது. அந்த ஆளும் வாரிசு இல்ல, நீங்களும் இல்ல."

அவர் டீயைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"அப்படி ஒருத்தரே இல்லன்னா," என்றார், "எங்கள எதுக்கு சார் மாத்துனீங்க?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. டீயைக் கீழே கொட்டிவிட்டு கிளாசைப் பலகையில் வைத்தார். "எங்க கொள்ளுத் தாத்தா இருந்தாரு சார். நீ எழுதி அவரு வரல. எழுதலன்னா இல்லாமப் போயிடவும் மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, ஊதுகுழலைத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். அது வரை சார் என்று மரியாதையாகப் பேசியவர், அந்த ஒரு வாக்கியத்தில் என்னை 'நீ' ஆக்கிவிட்டார்.

அக்கா கிளம்பின நாள் அப்பாவும் கூடவே கிளம்பினார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அப்பா தன் பெட்டியில் இரண்டு கத்திகளையும் ஒரு பெரிய கரண்டியையும் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். "அங்க அவளுக்கு யாரு சமைப்பா?" என்றார். நிமிரவில்லை. ரயிலடிக்கு வருகிறேன் என்றேன். ஆட்டோவில் இடம் இல்லை என்று அக்கா சொன்னாள். ஆட்டோவில் ஒருவர் உட்கார இடம் இருந்தது. என் மனைவி ஆட்டோவின் பின்னால் தெருமுனை வரை நடந்து போய்விட்டு வந்து, அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

பிறகும் நான் அந்த வேலையில் இருந்தேன். வருத்தப்பட்டு விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நிம்மதியாக இருக்கும், அப்படி நடக்கவில்லை. இன்னும் நான்கைந்து கண்டுபிடிப்புகளை நம்மாட்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்தேன். மழைமானி ஒன்று, அச்சுக்கலையில் ஏதோ ஒன்று. எதற்கும் யாரும் எழுந்து நிற்கவில்லை. எந்தப் பள்ளியிலும் இல்லை. ஏனாம் என்ற சொல் எல்லா ஆசிரியர்களுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

கடைசியில் என்னை அனுப்பியது அமைச்சர்தான். ஒரு நாள் தன் போனை என்னிடம் காட்டினார். "இதுல கேட்டா இதுவே எழுதுதுய்யா. நம்மாளு கண்டுபுடிச்சதுன்னு பத்து கேட்டேன், பத்தும் குடுத்துடிச்சி. உன்ன மாதிரி சிக்னல்ல நிக்க வேண்டியதில்ல." படித்துப் பார்த்தேன். நடை எனக்கு நன்றாகப் பழக்கமானதாக இருந்தது. என் தோளை மறுபடி ஒரு தடவை தட்டினார். இப்போது பழைய அச்சகத்திலேயே பிழை திருத்துகிறேன்.

ஒரு வருஷம் என்று அமைச்சர் சொன்னது இரண்டாகி, மூன்றாகிவிட்டது. ஏனாமுக்கு வாரம் ஒரு தடவை போன் செய்கிறேன். அப்பாதான் எடுப்பார். இருமல் பரவாயில்லை என்பார். ஆற்றில் புலசா மீன் வந்திருக்கிறது, விலை கேட்டால் மயக்கம் வருகிறது என்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இவர் வைத்த குழம்பை ருசி பார்த்துவிட்டுச் சட்டியோடு வந்து நிற்கிறார்களாம். அதைச் சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு தெம்பு வரும்.

போன வாரமும் பேசினோம். காலை பத்து மணி இருக்கும். அவர் குரலுக்குப் பின்னால் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது. யாரோ பாத்திரத்தை அலம்பி வைத்தார்கள்.

"அக்காகிட்ட குடுங்கப்பா" என்றேன்.

அப்பா கொஞ்சம் தயங்கினார். "அவ ஸ்கூலுக்குப் போயிருக்காப்பா" என்றார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. "சரிப்பா" என்றேன்.